நீங்கள் இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

புத்தகம் கைமாறிய கதை – 9

1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன உ.வே. சாமிநாதையருக்கு. வயது 25. அரியலூரிலிருந்து மாற்றலாகி ஊருக்குப் புதிதாக ஒரு முன்சீப் வந்திருக்கிறார், தமிழில் பிரியமுள்ளவர், போய்ப் பாருங்கள் என்று திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் சொல்லியிருந்தார். அந்த முன்சீப்தான் சேலம் இராமசாமி முதலியார்.

யாரிடம் பாடம் கேட்டீர்கள் என்று விசாரித்தார் முதலியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் என்றார் ஐயர். அந்தப் பெயரைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகம் மலரும் என்பதுதான் அவருடைய அனுபவம். முதலியாரிடம் ஒரு சலனமும் இல்லை. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்டார். ஐயர் அடுக்க ஆரம்பித்தார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், கலம்பகங்கள். சொல்லச் சொல்ல முதலியாருக்கு ஆர்வம் கூடவில்லை. இவற்றால் என்ன பயன் என்றே கேட்டுவிட்டார். பெரிய நூல்களுக்குத் தாவினார் ஐயர்: நைடதம், திருவிளையாடல், பெரியபுராணம், கம்பராமாயணம். அதற்கும் பாதித் திருப்திதான். இவற்றுக்கெல்லாம் முந்திய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா, சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று கேட்டார். இல்லை.

‘என் சரித்திரம்’ புத்தகத்தில் இந்தப் பகுதியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 1940இல் ஆனந்த விகடனில் வாராவாரம் வரத் தொடங்கிய தொடர் அது; 1942இல் ஐயர் காலமானதோடு பாதியில் நின்றுபோனது. இந்தச் சந்திப்பைப் பதிப்பு வரலாற்றின் திருப்புமுனை என்று மேடையில் சொல்வார்கள். சொல்லட்டும். நான் அதைப் பார்ப்பது வேறு கண்ணால். ஒருவருக்குப் புத்தகம் சொல்வது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் தமிழில் இல்லை என்பது என் கட்சி.

முதலியார் எடுத்த எடுப்பில் சிந்தாமணியைப் படியுங்கள் என்று சொல்லிவிடவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் இதுவரை எதைப் படித்தவர் என்று பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பெயரை மட்டும் உதிர்த்துவிட்டுப் போகவுமில்லை. புத்தகம் கிடைத்தால் படிப்பேன் என்று ஐயர் சொன்னதும், தம்மிடமிருந்த கையெழுத்துப் பிரதியை எடுத்துக் கொடுத்தார். எனக்கே பாடம் சொல்லுங்கள் என்று தாமும் கூட உட்கார்ந்தார். இந்தக் கடைசிக் காரியம்தான் பெரிது. படிக்கச் சொல்லிவிட்டு நழுவுகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

பிரதி கையில் வந்தது, பொருள் விளங்கவில்லை. சமண நூல், ஐயரோ சைவ மடத்துப் படிப்பாளி. கும்பகோணத்திலேயே இருந்த சமணக் குடும்பங்களைத் தேடிப் போனார். போன வீட்டில் தோரணம் கட்டி விழாக் கோலமாக இருந்தது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்திருக்கிறார்கள், அதற்குத்தான் விழா! யாருக்குமே தெரியாத நூல் என்று அவர் நினைத்திருந்தது, பக்கத்துத் தெருவில் வீட்டாரெல்லாம் கூடி உட்கார்ந்து படிக்கிற நூலாக இருந்திருக்கிறது. சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. எல்லாம் ஒரு முன்சீப் கேட்ட கேள்வியில் தொடங்கியது.

இன்றைக்கு நாம் புத்தகம் சொல்கிற லட்சணத்தைப் பாருங்கள். ‘சாவதற்குள் படிக்க வேண்டிய நூறு நாவல்கள்’ என்று ஒரு படம் கைப்பேசியில் வந்து விழுகிறது. வாங்கியவர் அதை இன்னும் நாலு பேருக்குத் தள்ளிவிடுகிறார். ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போய், அந்தப் பட்டியலில் பாதியைப் பையில் நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். அடுத்த ஜனவரியில் பார்த்தால் பை பிரிக்கப்படாமல் பரண்மேல் இருக்கிறது. நூறு பேரின் விலாசத்தைக் கொடுத்து எல்லாரோடும் சிநேகமாக இரு என்றால் யாரால் முடியும்?

தமிழில் பட்டியலுக்குப் பேர்போனவர் விமர்சகர் க.நா.சு. சலிக்காமல் பட்டியல் போட்டார், விடுபட்டவர்களிடம் சலிக்காமல் வசவும் வாங்கினார். ஆனால் அவர் பட்டியலோடு நிற்கவில்லை என்பதை அவரைக் கேலி பேசியவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள். ‘படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டு ஒவ்வொரு புத்தகத்தையும் தனித்தனிக் கட்டுரையில் அறிமுகம் செய்தார். பேர் லாகர்குவிஸ்ட் என்று ஒரு ஸ்வீடன்காரர் இருக்கிறார், தேடிப் படியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவருடைய ‘பாரபாஸ்’ நாவலை ‘அன்பு வழி’ என்று தாமே தமிழாக்கிக் கையில் கொடுத்தார். நட் ஹாம்சனை ‘நிலவள’மாக, செல்மா லாகர்லெவை ‘மதகுரு’வாக. இராமசாமி முதலியார் வழிதான் இதுவும்.

ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய்ப் போய்ப் பிழைத்த புத்தகம் ஒன்று என் மேஜைமேல் இப்போது இருக்கிறது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. சிங்கம்புணரிக்காரர், இளம் வயதில் கப்பலேறி இந்தோனேசியாவின் மேடான் நகரத்துக்குப் போனவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியாளாக நெடுங்காலம் இருந்தார். எழுதியது இரண்டே நாவல். இரண்டாவதான இந்தத் ‘தோணி’, எழுதிப் பத்தாண்டு போலக் கிடந்து 1972இல் அச்சேறியது. அப்போதும் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1980களில் சி. மோகன், தமிழின் முதன்மையான நாவல்களின் வரிசையில் வைத்து இதைப் பற்றி எழுதினார். சிற்றிதழ்க்காரர்கள் ஒருவருக்கொருவர் சொன்னார்கள், பிரதி கிடைக்காமல் இரவல் வாங்கிப் படித்தார்கள். சிங்காரம் 1997இல் காலமானார். மூன்றாவதாக ஒரு நாவல் எழுத அவர் மெனக்கெடவே இல்லை.

இதை யாருக்குச் சொல்வேன்? தாத்தாவோ தாத்தாவின் அண்ணனோ மலேயாவுக்கும் பினாங்குக்கும் போனதாகப் பேச்சு இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் அப்படி இல்லாத வீடு குறைவு. ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழைகிற காட்சியோடு நாவல் தொடங்குகிறது. வெட்டிய தலைகளை ஊர் பார்க்க மேஜைமேல் வைத்திருக்கிறார்கள். கூட்டம் சுற்றி நின்று பார்க்கிறது. சிங்காரம் பதறுவதில்லை, தம் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகிறார். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கதாநாயகன் பாண்டியன் தன் மனத்தோடு பேச ஆரம்பிக்கும் பக்கங்களில், மதுரைத் தெருக்களும் பழந்தமிழ் வரிகளும் கிண்டலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும். அங்கே தாண்டிப் போய்விடாதீர்கள். வாய்விட்டுப் படியுங்கள், பிடிபட்டுவிடும்.

நான் இப்போது திரும்பப் படித்துக்கொண்டிருப்பது தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’. வங்காளத்தில் 1953இல் வந்தது, 1956இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தமிழில் த.நா. குமாரஸ்வாமி. எனக்கு இதைச் சொன்னவர் இலக்கியவாதி இல்லை. அரசு ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக்கடை வைத்திருப்பவர். கதை என்ன என்று கேட்டேன். “கதையெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது சார். இதைப் படிச்சதுக்கு அப்புறம், சீட்டை நீட்டறவங்க முகத்தையும் ஒரு தடவை பார்க்க ஆரம்பிச்சிருக்கேன். அவ்வளவுதான்” என்றார். இதைவிட நல்ல மதிப்புரையை எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை.

ஜீவன் மஷாய் பரம்பரை வைத்தியர். நாடி பிடித்தால் மரணம் வரும் நாளைச் சொல்லிவிடுவார். ஊருக்கு ஆங்கில மருத்துவம் வந்துவிட்டது. பிரத்யோத் என்ற இளம் டாக்டருக்கு, நோயாளியிடம் நீ பிழைக்கமாட்டாய் என்று சொல்லும் இந்தக் கிழவர்மேல் ஆத்திரம். நாட்டு வைத்தியம் உசத்தியா, இங்கிலீஷ் வைத்தியம் உசத்தியா என்று தாராசங்கர் பட்டிமன்றம் நடத்தியிருந்தால் புத்தகம் அன்றோடு போயிருக்கும். இரண்டு பேர் பக்கமும் நியாயத்தை வைக்கிறார். மஷாய்க்குத் தண்டனையும் அந்த வித்தையிலேயே இருக்கிறது. தம் மகனின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார், அவன் போய்விடுவான் என்று தெரிந்துகொள்கிறார். தெரிந்ததை மனைவியிடமும் சொல்கிறார். அதற்காகக் கணவனை மன்னிக்காத அந்த அம்மாள், ஆத்தர் பௌ, இந்திய நாவல்களில் வரும் மனைவிமார்களிலேயே கடுமையானவள். அவள் பக்கத்து நியாயத்தை மறுக்கவும் முடியவில்லை. முன்பு படித்தபோது மஷாயை மட்டும்தான் பார்த்தேன். இந்த முறை அவள்தான் முன்னால் நிற்கிறாள்.

தொடக்கத்தில் மஷாய் வம்சத்தின் தலைமுறைக் கதை நீளும். பலர் அங்கேதான் மூடி வைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டில் யாராவது உடம்பு முடியாமல் படுத்திருந்தால் இப்போது எடுக்காதீர்கள், பிறகு படிக்கலாம்.

குமாரஸ்வாமியின் சகோதரர் த.நா. சேனாபதியும் வங்காள மொழி அறிந்தவர். விபூதிபூஷண் பந்த்யோபாத்யாயவின் ‘ஆரண்யக்’கை ‘வனவாசி’ என்று அவர் தமிழாக்கினார். காட்டை அளந்து குத்தகைக்கு விடும் வேலைக்குப் போகிறான் ஒரு படித்த இளைஞன். காட்டின்மேல் பைத்தியமாகிறான், அவன் கையெழுத்தாலேயே காடு அழிகிறது. மனை விற்பனைத் தொழிலில் இருக்கும் என் மைத்துனருக்குக் கொஞ்சம் குறும்பாகத்தான் இதைக் கொடுத்தேன். “அந்தாளு நெலமையும் எங்க நெலமையும் ஒண்ணுதான் மச்சான்” என்று சொல்லித் திருப்பித் தந்தார். தொழிலை விடவில்லை, அதைப் புத்தகத்திடம் எதிர்பார்க்கவும் கூடாது.

நேரமே இல்லை என்பவர்களுக்கு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. ஓர் இரவில் முடித்துவிடலாம். தெருக்குழாயில் குடத்தோடு நின்றவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. படித்தே பழக்கமில்லாதவருக்கு, அவர் எந்த ஊராக இருந்தாலும், கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. ‘மோகமுள்’ளை முதல் புத்தகமாக யாருக்கும் கொடுக்காதீர்கள். அதன் கனத்தைப் பார்த்தே பலர் வாசிப்புக்குக் கும்பிடு போட்டிருக்கிறார்கள்.

புத்தகம் சொல்கிறவர் நேரில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நூலகப் புத்தகங்களில் முன்னே படித்தவர்கள் எழுதிவைக்கும் குறிப்புகளை நான் விடாமல் படிப்பவன். புத்தகத்தில் கிறுக்கலாமா என்று நூலகர்கள் கோபித்துக்கொள்வது நியாயம்தான். துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை எழுதிவைக்கும் மகாபாவிகளுக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும். ஆனாலும் தேதி முத்திரை குத்தும் தாளுக்குக் கீழே, நீல மையில், ‘நடுவில் விடாதே. 140க்குப் பிறகு நன்றாக இருக்கிறது’ என்று எவரோ எழுதியிருந்ததைப் பார்த்து ஒரு நாவலை முழுசாகப் படித்திருக்கிறேன். அந்த ஆள் சொன்னது சரி.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றி ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். பாதியில் இருந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு புத்தகம். அதை எப்படிப்பட்ட ஆளுக்குக் கொடுப்பீர்கள், எந்த இடத்தில் இழுக்கிறது, பிரதி எங்கே கிடைக்கும், இந்த மூன்றும் கட்டாயம் வேண்டும். சமையல் குறிப்பு, சட்டப் புத்தகம், பஞ்சாங்கம், எதுவானாலும் சரி. தேர்ந்தெடுத்தவை இந்தத் தொடரிலேயே வரும். பட்டியல் மட்டும் அனுப்பாதீர்கள். வந்தால் போட மாட்டேன்.

(தொடரும்)