நோய் வருமுன் வாங்க வேண்டிய அட்டை

ரமலான் பிறை பதினைந்தைத் தாண்டிவிட்டால் எங்கள் கடைத்தெருவிலுள்ள அந்தத் தையல் கடையில் விளக்கு அணையாது. பெருநாளைக்குள் தைத்துக் கொடுத்தாக வேண்டிய துணிகள் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கும். தராவீஹ் முடிந்து வந்து இயந்திரத்தின் முன் அமர்பவர், ஸஹர் நேரத்தில்தான் எழுவார். அந்த ஒரு மாதத்து உழைப்பில்தான் ஆண்டு முழுவதும் சேர்ந்த வாடகை பாக்கியும் மளிகைக் கடனும் தீர வேண்டும்.

பெருநாள் கழிந்த ஒரு வாரத்தில் அவருக்கு நெஞ்சுவலி கண்டது. பக்கத்து நகரத்துத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். உடன் சென்றவர்களுள் நானும் ஒருவன். இதயக் குழாயில் அடைப்பு, உடனே ஸ்டென்ட் வைத்தாக வேண்டும் என்றார்கள். பணம் கட்டுமிடத்தில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்குதா பாய்?" என்று கேட்டாள்.

இல்லை. அந்த மருத்துவமனை திட்டத்தின் பட்டியலில் இருந்தது. அச்சிகிச்சையும் பட்டியலில் இருந்தது. அவருடைய வருமானமும் வரம்புக்குள்தான் இருந்தது. அட்டை மட்டும் இல்லை! மனைவியின் வளையல்கள் அன்று மாலையே அடகுக் கடைக்குப் போயின. மீதிக்கு மாத வட்டிக்குக் கடன். ஒரு மாதத்துக்குள் இரண்டு தையல் இயந்திரங்களில் ஒன்று விலைபோயிற்று.

அல்லாஹ்வின் அருளால் பிழைத்துக்கொண்டார். பின்னர் ஒரு நாள், ஏன் அட்டை வாங்காமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். "இன்ஷூரன்ஸ் கூடாதுன்னு எப்பவோ யாரோ சொன்னாங்க தம்பி. நானும் அதோடு விட்டுட்டேன்" என்றார்.

அன்பர்களே! வட்டியின் வாடை பட்டுவிடுமோ என்று அஞ்சி ஒதுங்கிய ஒருவர், கடைசியில் வட்டிக்கடைப் படியிலேயே ஏற நேர்ந்ததே, இதை என்னவென்று சொல்வது? அவரைக் குறை கூற எனக்கு வாயில்லை. பத்தாண்டுகளாக அவரிடம் சட்டை தைத்தவன் நான். நாளேடு படிப்பவன், திட்டத்தைப் பற்றி அறிந்தவன். ஒரு நாளும் அவரிடம், 'அட்டை எடுத்துவிட்டீர்களா?' என்று கேட்டதில்லை.

ஐயம் எங்கே, தெளிவு எங்கே?

காப்பீடு பற்றிய மார்க்க ஐயம் வீண் ஐயமன்று. 1985ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாதமி, வணிக நோக்கிலான காப்பீட்டை ஆகாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறைக் காப்பீட்டை ஆகும் என்றும் தீர்மானித்தது. அந்தக் கூட்டுறவு முறையே 'தகாஃபுல்' எனப்படுவது. மலேசியா 1984லேயே அதற்கெனச் சட்டம் இயற்றிவிட்டது.

ஆனால் நாம் பேசுகின்ற தமிழக அரசின் திட்டத்தில் பயனாளி ஒரு காசும் கட்டுவதில்லை. கட்டணத்தைச் செலுத்துவது அரசு. கடையில் நாமே பணம் கட்டி வாங்கும் பாலிசியும் இதுவும் ஒன்றுதானா? இக்கேள்வியைத் தத்தம் ஊர் ஆலிம்களிடம் நேரில் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை. கேட்டுத் தெளிந்து விலகுவது வேறு. கேட்காமலே, யாரோ சொன்னதாக எண்ணிக்கொண்டு, குடும்பத்தையே கடனில் தள்ளுவது வேறு.

யாருக்கு, எவ்வளவு?

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தோல் தொழிற்சாலையில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவருக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு. சொந்தக் கையை நம்பிப் பிழைப்பவருக்கு அது இல்லை. தையல்காரர், ஆட்டோ ஓட்டுபவர், தள்ளுவண்டியில் பழம் விற்பவர், துணி மூட்டையைத் தோளில் சுமந்து ஊர் ஊராய்ப் போகிறவர் ஆகியோருக்கு முதலாளியும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. நோயுற்ற நாளில் கூலியும் இல்லை.

இவர்களுக்கென்றே தோன்றியது போல் அமைந்தது இத்திட்டம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாற்றியமைக்கப்பட்டது. பின்னர் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்றாயிற்று. முன்பு 72,000 ரூபாயாக இருந்த குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2022இல் 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லாவில் விழுவதெல்லாம் வருமானமன்று. வாடகை, நூல், பித்தான், மின்கட்டணம், கைத்துணையாளின் கூலி எல்லாம் போக மிஞ்சுவதே வருமானம். பலர் கல்லாவைக் கணக்கிட்டுக்கொண்டு, தமக்குத் தகுதி இல்லை என்று தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். அதே வேளையில், உண்மையாகவே வரம்புக்கு மேல் சம்பாதிப்பவர் பொய்ச் சான்று வாங்குவது ஏழையின் பங்கில் கை வைப்பதாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிதன்று. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையையும் ஆதார் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள திட்டப் பதிவு மையத்துக்குச் செல்ல வேண்டும். ஒரு நாள் கடையடைப்பு, அவ்வளவே! இது, கட்டிய பணத்தைப் பின்னர் திருப்பித் தரும் திட்டமன்று. சிகிச்சைக்கு ஒப்புதல் பெற்று, மருத்துவமனைக்கே பணம் சேரும் திட்டம். ஆகவே எல்லாம் முடிந்த பின் ரசீதுகளை அடுக்கிக்கொண்டு ஓடுவதில் பயனில்லை. எல்லாச் சிகிச்சையும் எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது என்பதையும் மறக்க வேண்டாம். சேரும் முன்பே அங்குள்ள திட்ட அலுவலரிடம் கேட்டுவிட வேண்டும்.

அட்டை தராதவை

காய்ச்சலுக்குச் சீட்டு வாங்கி மருந்து எழுதிக்கொண்டு வரும் செலவுக்கு அட்டை உதவாது. நம் வீடுகளில் மெல்ல மெல்லப் பணத்தைக் கரைப்பவையோ சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள். இவற்றை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் பெறலாம். வருமானச் சான்று எதுவும் கேட்பதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். வெளியே வாங்குவோருக்கு மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களும் உண்டு. வணிகப் பெயரில்லாத மருந்தென்றால் வீரியமில்லாதது என்றொரு எண்ணம் நம் இல்லத்தரசியரிடம் இருக்கிறது. மருந்தின் மூலப்பெயரை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கினால் ஐயம் தீரும்.

படுத்த நாட்களின் கூலியையும் அட்டை ஈடு செய்யாது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கென 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமைந்த நலவாரியங்கள், விபத்து, மரணம், மகப்பேறு, பிள்ளைகளின் கல்வி, முதுமை ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவுகின்றன. தையலுக்கும் ஆட்டோவுக்கும் தெருவோர வணிகத்துக்கும் தனித்தனி வாரியங்கள் உள்ளன. 18 முதல் 60 வயது வரையுள்ளோர் பதிவு செய்யலாம். ஆனால் பதிவைக் குறித்த காலத்தில் புதுப்பிக்காமல் விட்டு, தேவைப்படும் நேரத்தில் கையைப் பிசைபவர்கள் அநேகர். மேலப்பாளையத்திலும் குடியாத்தத்திலும் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் நம் பெண்கள், தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருந்தால், ஒன்றியத் தொழிலாளர் நலத்துறையின் மருந்தகங்களில் மருத்துவம் பெறலாம்.

வருமான வரம்பைச் சற்றே தாண்டியவரின் நிலைதான் கடினம். சொந்தப் பணத்தில் பாலிசி எடுப்பதா என்பதை அவர் மார்க்கத் தெளிவு பெற்று முடிவு செய்யட்டும். எடுப்பவர், இருக்கும் நோயை விண்ணப்பத்தில் மறைக்கலாகாது. பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுக்கு மேற்படக் கூடாது என்று 2024இல் விதி வந்துள்ளது. மறைத்தாலோ, அந்த மூன்று ஆண்டும் கட்டிய பணமும் வீண். எடுக்காதவருக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கவே இருக்கின்றன. வரிசையில் நிற்கத் தயங்கி நகை விற்பது நம்மவரிடையே ஒரு கௌரவமாகிவிட்டது.

கடனாளியும் ஸகாத் பெறத் தகுதியுடையோரில் ஒருவர் என்பதை நாம் அறிவோம். அந்தத் தையல்காரரின் வட்டிக் கடனை எங்கள் மஹல்லாவில் சிலர் ஸகாத் பணத்தைக் கொண்டு அடைத்தார்கள். அதன் பின், ஜும்ஆ முடிந்ததும் பள்ளியின் வெளித் திண்ணையில் இரண்டு கல்லூரி மாணவர்கள் விண்ணப்பம் நிரப்பித் தர உட்காருகிறார்கள். முதல் வாரம் வந்தவர்கள் நால்வர். இரண்டாம் வாரம் திண்ணை போதவில்லை. பாதிப் பேருக்குக் குடும்ப அட்டையில் ஏதேனும் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது. அல்லது ஆதாரில் ஓர் எழுத்தும் குடும்ப அட்டையில் வேறோர் எழுத்துமாக இருக்கிறது. முஹம்மது என்ற ஒரு பெயரை எத்தனை விதமாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்!

தையல்காரர் இப்போது அட்டை எடுத்துவிட்டார். இருந்தாலும், புதிதாக வந்த மருமகளின் பெயர் அவருடைய குடும்ப அட்டையில் இன்னும் ஏறவில்லை. அதில் ஏறினால்தான் காப்பீட்டிலும் சேரும். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. அடுத்த திங்கட்கிழமை கடையை மூடிவிட்டு வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போவதாகச் சொன்னார். இன்ஷா அல்லாஹ், நானும் உடன் போகிறேன்.