சும்மா கிடைத்த படம்

தீபாவளிக்கு வந்த படத்தை மறுநாளே பேரன் கைபேசியில் காட்டினான். "தியேட்டருக்கு ஏன் தாத்தா போகணும்? இதுல சும்மாவே வருதே" என்றான். நானும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுப் படமும் பார்த்தேன். நாற்பது வருஷம் தராசு பிடித்தவன் நான். யாருடைய முதலைத் தின்கிறோம் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. பிறகுதான் விசாரித்தேன்.

திருட்டுப் படம் இரண்டு வழியில் வருகிறது. தியேட்டரில் ஒளித்து எடுப்பது ஒன்று. நல்ல பிரதியையே கடத்துவது மற்றொன்று. 2015-இல் மலையாளப் 'பிரேமம்' தணிக்கைப் பிரதி என்ற முத்திரையோடேயே இணையத்தில் உலவியது. தளம் நடத்துபவன் நம்மிடம் காசு கேட்பதில்லை, விளம்பரத்தில் சம்பாதிக்கிறான். நாம் பார்ப்பதுதான் அவனுக்கு வரும்படி.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2018-இல் '2.0' வெளியாகும் முன்பே சென்னை உயர்நீதிமன்றம் 12,000-க்கும் மேற்பட்ட தளங்களை முடக்கச் சொன்னது. ஆனால் முடக்கிய தளம் பெயரைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு மறுபடி முளைக்கும். 2019-இல் டெல்லி உயர்நீதிமன்றம், அப்படி முளைப்பவற்றையும் பழைய உத்தரவிலேயே சேர்க்க வழி செய்தது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், திருட்டுத்தனமாகப் பதிவு செய்வோருக்கும் பரப்புவோருக்கும் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அபராதம் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம்.

சரி, பார்ப்பவன்? உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் கள்ளாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்களைச் சொல்கிறது: திருடனைத் தூண்டுதல், திருடிய பொருளைப் பெறுதல், அரச விதியை மீறுதல், கள்ள அளவை, போலிச் சரக்கு. பின்னிரண்டையும் கடையில் செய்ததில்லை என்று பெருமைப்பட்டவன் நான். முன்னிரண்டும் என் வீட்டுக் கூடத்திலேயே நடந்துவிட்டன.

பெரிய படம் அடி தாங்கும். 2013-இல் தெலுங்கு 'அத்தாரின்டிகி தாரேதி' பாதிப் படம் முன்கூட்டியே கசிந்தும் பிரமாதமாக ஓடியது. சிறிய படம் தாங்காது. அதிலும் நம்மைப் போல வெளிமாநிலத்தில் இருப்பவர்களுக்கு நிலைமை மோசம். மாட்டுங்கா அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் பார்க்க தாராவியிலிருந்து நடந்தே வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். இன்று சிறிய தமிழ்ப் படத்துக்கு இங்கே கிடைப்பது ஒன்றிரண்டு காட்சி. நாற்காலி காலியானால் அந்தக் காட்சி வேறு மொழிக்குப் போய்விடும்.

அடுத்த ஞாயிறு பேரனோடு ஒரு சின்னப் படத்துக்குப் போனேன். எங்களையும் சேர்த்து 11 பேர். மறுவாரம் அந்தக் காட்சி இல்லை. சங்கத்தில் இருபது குடும்பம் மாதம் ஒருமுறை சேர்ந்து போனால் ஒரு காட்சியாவது நிற்கும். இளைஞர்கள் எடுத்து நடத்தட்டும்; முதல் மாத டிக்கெட் செலவில் என் பங்கு உண்டு.