ஆல்பர்ட்டன் மாளிகை, மவுண்ட் ஆல்பர்ட், நியூசிலாந்து
1863இல் ஆலன் கெர் டெய்லர் கட்டிய பண்ணை வீடு, பிறகு படிப்படியாக வளர்ந்து இந்த மாளிகையானது. அவர் இந்தியாவில் பிறந்தவர். கோபுரங்களையும் தாழ்வாரத்து மரவேலைப்பாட்டையும் நின்று பாருங்கள், நம் ஊர்ச் சாயல் தெரியும்.

ஆனால் இவ்வீட்டின் உண்மையான பெருமை அவர் மனைவி சோபியாதான். 1890இல் கணவர் இறந்ததும் பிள்ளைகளையும் நிலபுலன்களையும் அவரே தாங்கினார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று துணிந்து குரல் கொடுத்தார். 1893இல் நியூசிலாந்துப் பெண்கள் அந்த உரிமையைப் பெற்றார்கள். தன்னாட்சி நாடுகளில் இதுவே முதல்.

மணமாகாத மகள்கள் இங்கேயே வாழ்ந்ததால் பழைய சுவர்த்தாள்களும் வீட்டுப் பொருள்களும் கலையாமல் இருக்கின்றன. கடைசி மகள் 1972இல் மறைந்தபோது வீட்டையும் தோட்டத்தையும் மரபுச் சின்ன அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். 1973 முதல் இது அருங்காட்சியகம்.