அம்மம்மாவின் அம்மம்மா

தம்பி தங்கைமாரே, உங்கள் அம்மம்மாவின் அம்மம்மா பெயர் என்ன? பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பதில் வராது. கந்தளாய்க் குளத்து நீரில் தம்பலகாமத்தில் நெல் விளைவித்தவர்களும், கொட்டியாரக் குடாவில் வலை வீசியவர்களும் தங்கள் கதையை எழுதிவைக்கவில்லை. அவர்களைத் தேடிப் போக இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. அப்பாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை மெதுவாக விரியுங்கள். மடிப்பில் கிழியும், கவனம். தாய் தகப்பன் பெயரோடு, பாட்டனாரின் பெயர், அவர் பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்றும் ஒரு கூடு இருக்கும். ஒரே தாளில் மூன்று தலைமுறை! ஆனால் பாட்டிக்கு அங்கே கூடு இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் வழியைத்தான் கேட்டது. படிவமும் அந்த வழியே போனது.

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்தது 1867இல். அதற்கும் முன்னால், 1786இல், திருகோணமலையில் இருந்த ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன் கொட்டியாரம், தம்பலகாமம் பக்கமெல்லாம் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். அதில் ஊர்களைக் காணலாம். எங்கள் பாட்டியைக் காண முடியாது.

அந்தப் பாட்டியைக் காட்டுவது இரண்டாவது வழி. அது உங்கள் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

கலங்களுக்குள் இழைமணி என்றொரு மிகச் சிறிய உறுப்பு உண்டு. நீங்கள் சாப்பிட்ட சோற்றிலிருந்து சக்தி எடுத்துத் தருவது அதன் வேலை. அதற்குச் சொந்தமாகவே ஒரு டி.என்.ஏ. இருக்கிறது, நீளம் 16,569 எழுத்துகள். பிள்ளைக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. அம்மா அண்ணாவுக்கும் கொடுப்பார், தங்கைக்கும் கொடுப்பார். தங்கை அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். அண்ணாவால் கொடுக்க முடியாது.

நான்கு தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 16 மூதாதையர். அவர்களில் ஒரே ஒருவரின் இழைமணி டி.என்.ஏ.தான் உங்களிடம் இருக்கிறது. அவர்தான் அம்மம்மாவின் அம்மம்மா! மட்டக்களப்புப் பக்கத்தில் 'குடி' என்னும் குலப் பிரிவைத் தாய்வழியாகவே எண்ணுவார்கள். நுணுக்குக்காட்டி இல்லாமலே அந்த மக்கள் எண்ணிவந்த வழியும் இதுதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த டி.என்.ஏ. மிக மெதுவாகவே மாறும். ஆகவே இரண்டு பேருக்கு அது ஒன்றாக இருந்தால், அவர்களுடைய பொதுப் பாட்டி பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவராகவும் இருக்கலாம். பெயரும் ஊரும் அதில் எழுதியிருக்காது. பெற்றோர் யார், நெருங்கிய சொந்தம் யார் என்று அறிய, கலங்களுக்குள் மற்ற டி.என்.ஏ.யைத் தாங்கியிருக்கும் 23 சோடி நிறமூர்த்தங்களைப் பார்க்க வேண்டும். 2004 சுனாமியில் தப்பிய ஒரு கைக்குழந்தையை, கல்முனை ஆஸ்பத்திரியில் '81ஆம் இலக்கக் குழந்தை' என்று அழைத்தார்கள். அதன் தாய் தகப்பன் யார் என்பதை 2005 பெப்ரவரியில் டி.என்.ஏ. பரிசோதனைதான் உறுதிசெய்தது.

போரிலும் சுனாமியிலும் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளின் பத்திரங்கள் அழிந்துபோயின. அந்த வீடுகளில் மிச்சம் இருப்பது வயதானவர்களின் ஞாபகம் மட்டுமே. இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மம்மாவின் பக்கத்தில் ஒரு கொப்பியோடு இருந்து, அவருடைய தாயின் பெயரையும், அந்தத் தாயின் தாய் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் கேட்டு எழுதிவையுங்கள்.