காரமா, அமிலமா?
(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறையில் நான் பாரூருக்குச் சென்றிருந்தபோது, ஓசூரிலிருந்து என் சித்தப்பா வந்திருந்தார். தொழிற்சாலையில் யாரோ கொடுத்த அச்சிட்ட தாள் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, "அம்மா, இனிமேல் நீ கார உணவுதான் சாப்பிட வேண்டும். அப்போதுதான் மூட்டு வலி குறையும்" என்றார். பாட்டி சிரித்தார். "அதற்கென்னடா, இன்னும் நாலு மிளகாய் சேர்த்து அரைத்தால் போயிற்று!" என்றார்.

சித்தப்பா சொன்ன காரம் மிளகாயின் காரம் அன்று. நம் வேதியியல் பாடத்தில் அமிலத்திற்கு எதிராக வருகிறதே, அந்தக் காரம். மீனும் பருப்பும் இரத்தத்தை அமிலமாக்கி எலும்பை அரித்துவிடும். ஆகவே அவற்றை விட்டுவிட்டுப் பழமும் காயும் மட்டும் உண்ண வேண்டும் என்று அத்தாளில் கண்டிருந்தது. பாட்டி முதலில் சிரித்தாலும், மகன் சொல்லைத் தட்டவில்லை. அன்றிலிருந்து மீனும் பருப்பும் நின்றன. தென்பெண்ணையில் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே நீர் வந்து நிறையும் பெரிய ஏரிக்கருகே பிறந்து வளர்ந்து, கட்லாவும் கெண்டையும் கெளுத்தியும் உண்டு பழகியவர் என் பாட்டி!

பள்ளி திறந்ததும் இதை எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் உடனே பதில் கூறாமல் ஒரு முயல் கதையைச் சொன்னார். கிளாட் பெர்னார் என்னும் பிரெஞ்சு அறிஞரின் ஆய்வுக்கூடத்திற்குச் சந்தையிலிருந்து சில முயல்கள் வந்தன. புல் தின்னும் முயலின் சிறுநீர் கலங்கலாகவும் காரத்தன்மை உடையதாகவும் இருப்பதே வழக்கம். இந்த முயல்களுக்கோ ஊன் உண்ணும் விலங்குகளைப் போலத் தெளிவாகவும் அமிலமாகவும் இருந்தது. பாவம், அவை பட்டினி கிடந்து, தம் சதையையே எரித்து உயிர் வாழ்கின்றன என்று அவர் ஊகித்தார். புல் கொடுத்ததும் சிறுநீர் காரமாயிற்று. மறுபடி பட்டினி போட்டதும் அமிலமாயிற்று. வேகவைத்த இறைச்சியைக் கொடுத்தபோதும் அமிலமாகவே இருந்தது. 1865-இல் வெளியான தம் நூலில் இதை அவர் எழுதியிருக்கிறார்.

"இதில் மாறியது எது?" என்று ஆசிரியை கேட்டார். "சிறுநீர்" என்றோம். "இரத்தம் என்று நான் சொல்லவில்லையே!" என்றார் அவர்.

ஆம், தோழியரே! நம் இரத்தத்தின் பி.எச். அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கிறது. அதாவது நாம் எதை உண்டாலும் அது சிறிதளவு காரமாகவே உள்ளது. அமிலம் மிகுந்தால் நுரையீரல் கரியமில வாயுவாக வெளியேற்றுகிறது. மிச்சத்தைச் சிறுநீரகம் பிரித்துச் சிறுநீரில் தள்ளுகிறது. சிறுநீரின் அளவு 4.5 முதல் 8 வரை ஏறி இறங்குவது இதனால்தான். சிறுநீரில் அமிலம் தென்பட்டால் சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் பொருள்.

அப்படியானால் அத்தாளில் கண்டது முழுப் பொய்யா? அதுவும் இல்லை. விறகுச் சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்குகிறோம் அல்லவா? அச்சாம்பல் காரம், அதில் பொட்டாசியமும் கால்சியமும் உள்ளன. காயும் கீரையும் உடலுக்குள் எரிந்தபின் அவ்வாறே காரத்தை மிச்சம் வைக்கின்றன. நாவில் புளிக்கும் எலுமிச்சைகூட அந்தப் பக்கந்தான்! மீனிலும் பருப்பிலும் உள்ள புரதத்தில் கந்தகம் இருப்பதால், அது எரிந்து சிறிது கந்தக அமிலம் உண்டாகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் ரீமர், ஃபிரீட்ரிக் மான்ஸ் என்பவர்கள் 1995-இல் இதைக் கணக்கிட்டு ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். 100 கிராம் ட்ரௌட் மீன் அமிலப் பக்கம் 10.8, மைசூர்ப் பருப்பு இனத்துக் காய்ந்த பயறு அமிலப் பக்கம் 3.5, பச்சை பீன்ஸ் காரப் பக்கம் 3.1, பசலைக்கீரை காரப் பக்கம் 14. ஒரு துண்டு மீனுக்கு அதே எடைக் கீரை சேர்ந்தால் கணக்கு நேராகிவிடுகிறது. நம் வீடுகளில் மீன் குழம்பு வைக்கும் நாளில் கீரை கடையாமல் விடுவதுதான் தவறே தவிர, மீன் தவறில்லை.

எனக்கு வியப்பாக இருந்தது இதுதான். அமிலம் தருகிறது என்று பழி சுமத்தப்படும் அந்தக் கந்தகம் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தில் இருக்கிறது. அதை நம் உடலால் செய்துகொள்ள முடியாது. உணவில் வந்தாக வேண்டும். அவரை, மொச்சை, கொள்ளு போன்றவற்றில் புரதம் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் இருந்தாலும் மெத்தியோனின் குறைவு. மீனில் அது தாராளம். எதற்காக மீனை விலக்கச் சொன்னார்களோ, அதற்காகவே அது வேண்டியிருக்கிறது!

எலும்பு அரிக்கும் என்ற அச்சத்தைப் பற்றியும் ஆசிரியை கூறினார். கனடாவின் டேனிஸ் ஃபென்டன் என்பவரும் உடன் உழைத்தவர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, 2009-இலும் 2011-இலும் எழுதிய கட்டுரைகளில் அதற்கு ஆதாரம் இல்லை என்றே முடிவு கூறியிருக்கிறார்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் நிலைமை வேறு. அவர்களுக்கு உடலில் அமிலம் தங்கிவிடும். அதே வேளையில் கீரை, பழத்திலுள்ள பொட்டாசியமும் ஆபத்தாகலாம். அவர்கள் மருத்துவர் சொற்படிதான் உண்ண வேண்டும்.

அத்தாளில் காரத்தன்மையுள்ள நீரைப் பருகுமாறும் எழுதியிருந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு மிகுதி. பாறையிலுள்ள ஃபுளூரைடு காரத்தன்மையுள்ள நீரில்தான் எளிதில் வந்து சேருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பற்களில் பழுப்புக் கறை படியும்; மிகவும் கூடினால் எலும்பே வளையும். இதற்காகத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நமக்கு வந்தது. காரம் என்றாலே நன்மை என்று நம் மாவட்டத்தில் யாரும் சொல்லக் கூடாது!

அரையாண்டு விடுமுறைக்கு வீடு சென்றேன். பாட்டியின் வளையல் முழங்கை வரை ஏறியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்த செவிலியர், நான்கு கிலோ குறைந்திருக்கிறது, புரதமே சாப்பிடுவதில்லையா என்று கேட்டிருக்கிறார். நான் சாம்பலையும் முயலையும் சொல்லி விளக்கினேன். பாட்டிக்கு முயல் கதை பிடித்தது. "பட்டினி கிடந்தாலும் அமிலந்தானா?" என்று மட்டும் இருமுறை கேட்டார்.

அது மார்கழி மாதம். பனியில் விளைந்த அவரைக்குத் தனி மணம் உண்டு. எல்லைக்கு அப்பால் பெங்களூரில் ஜனவரியில் அவரைக்கென்று மேளாவே நடக்கிறது. அம்மா அவரைக் கொட்டையை இரவு ஊறவைத்தார்கள். விடியற்காலையில் நாங்கள் சுற்றி உட்கார்ந்து தோலைப் பிதுக்கினோம். பிதுக்குப் பருப்பில் தேங்காயும் சோம்பும் அரைத்து ஊற்றி ஒரு குழம்பு, ஏரியில் பிடித்த கட்லாவை எண்ணெயில் பொரிக்காமல் தக்காளி சேர்த்து ஒரு குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், கேழ்வரகுக் களி. சித்தப்பாவும் வந்திருந்தார். ஒன்றும் பேசாமல் இரண்டாவது துண்டு மீனைப் பாட்டியின் தட்டில் அவரே வைத்தார்.

பொங்கல் முடிந்து எடை பார்த்தபோது ஒன்றரைக் கிலோ கூடியிருந்ததாக அம்மா விடுதிக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். மூட்டு வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறதாம்.