இரண்டு கரி அடுப்பு, ஒரே ஒரு அக்கா, ஒரு நண்டு ஆம்லெட்! - பாங்காக் தெருக்கடைக்கு ஏன் இத்தனை மவுசு?

பாங்காக்கின் மஹாசாய் சாலையில், கடை திறப்பதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. வரிசை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு தாளில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, நிழல் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். முதுகுப்பையோடு வந்தவர்களும் கைக்குழந்தையோடு வந்தவர்களும் காத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்... சில நாள்களில் நான்கைந்து மணி நேரம்கூட ஆகும். எதற்கு? பெரும்பாலானவர்களுக்கு, ஓர் ஆம்லெட்டுக்காக!

கடை ஒன்றும் பெரிது இல்லை. சாதாரண மேசைகள், முதுகு சாய வசதியில்லாத முக்காலிகள், அவ்வளவுதான். ஆனால், அடுப்படியைப் பார்த்துவிட்டால் கண் வேறெங்கும் போகாது. கட்டடத்தின் ஓரத்தில், போவோர் வருவோர் பார்க்கும்படி திறந்த இடத்தில் இரண்டு கரி அடுப்புகள். அவற்றின் முன்னால் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. தலையில் கம்பளித் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ், கண்ணில் பனிச்சறுக்கு வீரர்கள் மாட்டிக்கொள்ளும் பெரிய கண்ணாடி. வேடிக்கைக்காக மாட்டியது அல்ல. வாணலியில் கொதிக்கும் எண்ணெய் கண்ணில் தெறிக்காமல் இருக்கத்தான். இன்று அந்தக் கண்ணாடிதான் கடையின் அடையாளம்.

அவர் பெயர் சுபின்யா ஜன்சுதா. உலகம் அறிந்த பெயர் ‘ஜே ஃபாய்’. தாய்லாந்தில் சீன வம்சாவளிக் குடும்பங்களில் அக்காவை ‘ஜே’ என்று கூப்பிடுவார்கள். ‘ஃபாய்’ என்றால் மச்சம். நம் பேச்சில் சொன்னால், ‘மச்சக்கார அக்கா’. ‘ரான்’ என்றால் கடை. ஆக, ‘ரான் ஜே ஃபாய்’ என்பது மச்சக்கார அக்கா கடை.

சைவம் சாப்பிடுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று எழுதியிருந்தால், அது முட்டை, பால்கூட இல்லாத சுத்த சைவக் கடை. அந்த ‘ஜே’ வேறு, இந்த ‘ஜே’ வேறு. உச்சரிப்பில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் அர்த்தமே மாறிவிடும் மொழி அது. பெயரைப் பார்த்து ஏமாந்து உள்ளே போனால், நண்டும் இறாலும் கணவாயும்தான் வரவேற்கும்!

பொதுவாகவே தாய் உணவகங்களில் ‘காய்கறி மட்டும்’ என்று சொன்னால் போதாது. உப்புக்குப் பதில் மீன் சாஸ் ஊற்றுவது அங்கே வழக்கம். கறி மசாலா விழுதுகள் பலவற்றில் இறால் விழுது சேர்ந்திருக்கும். தட்டில் ஒரு துண்டு மீன்கூட இருக்காது, ஆனால் குழம்பில் கலந்திருக்கும். சைவக்காரர்களுக்கு மஞ்சள் கொடிக் கடைதான் பாதுகாப்பு.

சரி, ஆம்லெட்டுக்கு வருவோம்.

நம் வீட்டில் தோசைக்கல்லில் ஊற்றும் ஆம்லெட் போன்றதல்ல இது. ஆழமான வாணலியில் நிறைய எண்ணெய். அது நன்றாகக் காய்ந்ததும் அடித்த முட்டை உள்ளே போகிறது. கூடவே கை நிறைய நண்டுச் சதை. ஓடு உடைத்து எடுத்த பெரிய பெரிய துண்டுகள். முட்டை நுரைத்துப் பொங்கும்போதே அதை மடித்து, உருட்டி, திருப்பி, மேலே எண்ணெயை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரி அடுப்பில் தீயைக் கூட்டக் குறைக்கத் திருகு கிடையாது. கரியைத் தள்ளி, விசிறி, வாணலியைத் தூக்கி இறக்கித்தான் சூட்டைச் சரிசெய்ய வேண்டும். கடைசியில் தட்டுக்கு வருவது, பொன்னிறத்தில் உருண்ட ஒரு தலையணை. வெளியே மொறுமொறு. வெட்டினால் உள்ளே முட்டை குறைவு, நண்டுதான் அதிகம். தொட்டுக்கொள்ள மிளகாய் சாஸ்.

இதன் தாய்ப் பெயர் ‘காய் ஜியாவ் பூ’. ‘பூ’ என்றால் நண்டு. நண்டு போடாத சாதாரண ‘காய் ஜியாவ்’, தாய்லாந்தில் எந்தத் தெருமுனையிலும் சோற்றின் மேல் வைத்து 50, 60 பாட்டுக்குக் கிடைக்கும். ஏழை எளியவர்களின் அவசரச் சாப்பாடு அது. அதையேதான் ஜே ஃபாய் நண்டால் நிரப்பி 1,000 பாட்டுக்கு விற்றார். பின்னாளில் அது 1,500 ஆனது. நம் பணத்தில் ஏறத்தாழ 4,000 ரூபாய். ஆம்லெட்டுக்கு நாலாயிரமா என்று நமக்கு மட்டும் தோன்றவில்லை. தெருக்கடையில் இந்த விலையா என்று பாங்காக்வாசிகளே பல ஆண்டுகளாகக் கேட்ட கேள்விதான் அது. மலிவான நண்டு வாங்கி விலையைக் குறைக்கும் வழியை அவர் எடுக்கவில்லை.

இந்த அடுப்பின் முன் அவர் நிற்க ஆரம்பித்ததே தற்செயல்தான். முதலில் தையல்காரராக இருந்தவர். ஒரு தீ விபத்தில் எல்லாம் போன பிறகுதான் குடும்பத் தொழிலான சாப்பாட்டுக் கடைப் பக்கம் வந்தார். நூடுல்ஸும் அரிசிக் கஞ்சியும் விற்ற குடும்பம் அது. பெரிய இறால், நல்ல நண்டு என்று விலை கூடிய கடல் உணவைத் தெருக்கடைக்குக் கொண்டுவந்தது இவர்தான்.

பிறகு வந்தது அந்த நட்சத்திரம்!

2017 டிசம்பரில் பாங்காக்குக்கான முதல் மிஷலின் வழிகாட்டி வெளியானது. உலகின் பெரிய பெரிய சமையல்காரர்கள் ஏங்கும் மிஷலின் நட்சத்திரம் ஒன்று, கரி அடுப்பில் சமைக்கும் ஜே ஃபாய்க்குக் கிடைத்தது. அந்தப் பதிப்பில் நட்சத்திரம் வாங்கிய ஒரே தெரு உணவுக் கடை இதுதான். இந்த வழிகாட்டியைக் கொண்டுவர தாய்லாந்து சுற்றுலாத் துறை ஐந்து ஆண்டுகளுக்கு ஒதுக்கிய தொகை 14.4 கோடி பாட். இதில் ஒரு முரண், அதே 2017-ல்தான் பாங்காக் மாநகர நிர்வாகம் நடைபாதைகளிலிருந்து தள்ளுவண்டிக் கடைகளை அப்புறப்படுத்திக்கொண்டிருந்தது. ஒரு கை தெரு உணவுக்கு மாலை போட, இன்னொரு கை வண்டியைத் தள்ளிவிட்டது. ஜே ஃபாயின் கடை கட்டடத்துக்குள் இருந்ததால் தப்பித்தது.

நட்சத்திரம் வந்ததும் கூட்டம் குவிந்தது. சாப்பிட வந்தவர்களோடு, படம் பிடிக்க மட்டும் வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வரித்துறையின் கவனமும் கடைப் பக்கம் திரும்பியது. பல காலமாக வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர்களுக்கு இடமில்லாமல் போனது. சில மாதங்களிலேயே, முடிந்தால் இந்த நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். உலகமே இது என்ன தன்னடக்கம் என்று வியந்தது. தன்னடக்கம் இல்லை, களைப்பு. அடுத்தடுத்த பதிப்புகளிலும் நட்சத்திரம் அவரை விடவில்லை. 2019-ல் நெட்ஃபிளிக்ஸின் ‘ஸ்ட்ரீட் ஃபுட்: ஏசியா’ தொடர், முதல் அத்தியாயத்தையே இவரிடமிருந்து தொடங்கியது. அத்துடன் வரிசை இன்னும் நீண்டது.

இத்தனை மணி நேரக் காத்திருப்புக்குக் காரணம் கூட்டம் மட்டும் இல்லை. சமைப்பவர் ஒரே ஒருவர் என்பதுதான்! காய்கறி நறுக்க, பரிமாற, கணக்குப் பார்க்க ஆள்கள் உண்டு. முன்பதிவையும் வருபவர்களையும் மகள் கவனித்துக்கொள்கிறார். ஆனால், வாணலியைப் பிடிப்பது ஜே ஃபாய் மட்டும்தான். ஓர் ஆம்லெட்டை மடித்து முடிக்க ஆகும் நேரத்தைக் கடைக்கு வெளியே நிற்கும் தலைகளால் பெருக்கிப் பாருங்கள், கணக்குப் புரிந்துவிடும். வேறு யாராவது என்றால் நான்கு சமையல்காரர்களை வைத்து, மால்களில் கிளை திறந்திருப்பார்கள். இங்கே அடுப்பும் பெருகவில்லை, கையும் பெருகவில்லை.

அதனால், இங்கே சாப்பிடப் போகிறவர்களுக்கு முதல் ஆலோசனை: பசியோடு போகாதீர்கள். காலையிலேயே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, அக்கம்பக்கத்தைச் சுற்றி வாருங்கள். வாரத்தில் சில நாள்கள் கடை கிடையாது என்பதால், கிளம்பும் முன் சரிபார்ப்பது நல்லது. சாம் யோட் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

அந்தப் பகுதிக்குப் ‘பேய்வாசல்’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. தாய் மொழியில் ‘பிரது பீ’. கோட்டைச் சுவருக்குள் பிணம் எரிக்கக் கூடாது என்பது அந்தக் கால விதி. இறந்தவர்களை இந்த வாசல் வழியாகத்தான் வெளியே இருந்த சாகேத் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது அந்தத் தெருவில் பேய்க்குப் பதில் பசிதான் அலைகிறது. அதே சாலையில், பாட் தாய் நூடுல்ஸுக்குப் பேர்போன ‘திப் சமாய்’ கடையும் இருக்கிறது. காத்திருப்பு தாங்காதவர்கள் பலர் அங்கே போய் உட்கார்ந்துவிடுவதும் உண்டு.

இன்னும் கொஞ்சம் நடந்தால், வானுயர்ந்த சிவப்பு ஊஞ்சல் தூண்கள். ஒரு காலத்தில் மார்கழி, தை மாதக் குளிரில் இங்கே ஊஞ்சல் திருவிழா நடந்தது. அதன் பெயர் ‘த்ரியம்பவாய் - த்ரிபவாய்’. சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்... நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான்! ஊஞ்சலாட்டம் 1935-ல் நின்றுவிட்டது. அருகிலிருக்கும் தேவஸ்தானில் தாய்லாந்துப் பிராமணர்கள் அந்த வழிபாட்டை இன்றும் நடத்துகிறார்கள். ஆம்லெட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பெயர் கூப்பிட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கொரு தட்டு என்று ஆர்டர் செய்வது தாய் வழக்கம் இல்லை. மூன்று, நான்கு வகை சொல்லி நடுவில் வைத்து, எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். வலது கையில் ஸ்பூன், இடது கையில் முள்கரண்டி. முள்கரண்டியால் சோற்றை ஸ்பூனுக்குள் தள்ளுவதோடு சரி, அதை வாயில் வைப்பதில்லை. நூடுல்ஸுக்கு மட்டும் குச்சி. குடும்பமாகப் போனால் ஓர் ஆம்லெட்டே போதும், பகிர்ந்துகொள்ளலாம். கூடவே, ‘பாட் கீ மாவ்’ என்ற குடிகார நூடுல்ஸ். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இதில் தூக்கலாக இருப்பது மிளகாயும் துளசி இலையும். காரம் நம் நாக்குக்கே சுள்ளென்று ஏறும், குழந்தைகளுக்கு யோசித்துக் கொடுங்கள். இன்னொன்று, ‘பூ பாட் போங் கரி’. நண்டை முட்டையும் மசாலாப் பொடியும் சேர்த்துப் புரட்டியது. அந்தக் ‘கரி’ நம் ‘கறி’தான், ஊரெல்லாம் சுற்றி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

விலையை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. 2025-ல் இந்தக் கடை அதற்காகவே செய்தியில் அடிபட்டது. 1,500 பாட் என்று நினைத்த ஆம்லெட்டுக்கு 4,000 பாட் பில் வந்ததாக ஓர் இணையப் பிரபலம் பதிவிட்டார். அது நண்டு கூடுதலாக வைத்துத் தனியாகச் செய்தது என்று விளக்கம் சொன்னது கடைத் தரப்பு. ஆனாலும் அந்த விலையை எழுதிக் காட்டவில்லை என்று அரசு 2,000 பாட் அபராதம் விதித்தது. அதிகாரிகள் செய்தது சரிதான். எத்தனை நட்சத்திரம் இருந்தாலும், என்ன விலை என்று தெரிந்து சாப்பிடும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

அப்படியென்றால் இத்தனை மணி நேரமும் இவ்வளவு பணமும் கொடுக்கலாமா? நண்டு மட்டும்தான் வேண்டும் என்றால் தேவையில்லை. பாங்காக்கில் அதைவிடக் குறைந்த விலையில், காத்திருக்காமலே நல்ல நண்டு கிடைக்கும். இங்கே கொடுக்கும் பணம் அந்தக் கைக்கு. அதே முறையில் வேறு யார் செய்தாலும், மிஷலின் நட்சத்திரம் கூடவே வருமா என்று யாருக்கும் தெரியாது.

அந்தக் கேள்விக்கு இன்றைக்குப் பதில் தேவைப்படவில்லை. கடைசிப் பெயருக்கான தட்டு மேசைக்குப் போகும்வரை கரி கனன்றுகொண்டிருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. முட்டை பொங்குகிறது, திருப்ப வேண்டும்.