தாயகம் திரும்பிய மலையக மக்களும் அவர்தம் புதுவாழ்வும்

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமையற்றிருந்த மலையகத் தமிழருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்க வகைசெய்தது. அட்டன், நுவரெலியாத் தோட்டங்களிற் பிறந்தோர் பலருக்குத் தாயகம் என்பது பாட்டனார் வாய்மொழியாக மட்டுமே இருந்தது. முன்னாளில் தோட்டங்களுக்கு ஆளனுப்பிய மண்டபம் முகாமே மீண்டோரை வரவேற்கும் வாயிலாயிற்று.

தோட்டத்திலே வேலையும் லயமும் நிருவாகத்தின் பொறுப்பு. சமவெளியிலோ அனைத்தையும் தாமே தேடவேண்டியதாயிற்று. பலருக்கு வணிகக் கடன் வழங்கப்பெற்றது. கொழுந்து பறித்துப் பழகிய கைகளுக்குக் கடை நடத்தும் நுட்பம் எளிதில் வாய்க்கவில்லை. முதல் கரைந்து, கொடைக்கானல் மலைகளிற் கொத்தடிமைகளாய் அல்லலுற்றோரும் உளர்.

நீலகிரியில் 1968இல் தமிழக அரசு தொடங்கி, 1976இல் டான்டீ என்னும் நிறுவனமாக்கிய தேயிலைத் திட்டமோ, அறிந்த தொழிலையே அளித்தது. அங்கும் லயத்து வாழ்வு நீங்கவில்லை எனினும், உழைப்புக்கு ஊதியம் உறுதியாயிற்று.

இதனாற் பெறப்படுவது யாதெனின், பெயர்ந்து வந்தோர்க்குப் பொருளுதவி மட்டும் போதாது என்பதே. கைத்திறனுக்கேற்ற தொழிலும், 'சிலோன்காரர்' என்று ஒதுக்காத அயலாரின் அன்பும் ஒருங்கே வேண்டும்.